முகவரியில் தேடுசொல் சேர்த்தால் தரவரிசை உயருமா?

கேள்வி: என் தோட்டக்கலைத் தளத்தின் பழைய பக்க முகவரிகள் வெறும் எண்களாக இருக்கின்றன. ‘ரோஜா-பதியன்-முறை’ என்பதுபோல் மாற்றினால் கூகுளில் மேலே வருமா?

மறுமொழி: பழையவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். முகவரியிலுள்ள சொல்லுக்குக் கூகுள் தரும் எடை மிகச் சிறியது. தேடுசொல்லையே தளப்பெயராக்கி மேலேறிய தரமற்ற தளங்களை 2012 செப்டம்பரிலேயே கீழே இறக்கிவிட்டார்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் 301 வழிமாற்று (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள். இல்லாவிட்டால் பிறர் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகள் அத்தனையும் வீண். எனக்கு அதுதான் பெரிய கவலை. புதிய பக்கங்களுக்குச் சொற்களை வையுங்கள், படிப்பவருக்காகவாவது. சொற்களுக்கிடையே அடிக்கோடு வேண்டாம், சிறுகோடு போதும்.

இன்னொருவர்: முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

மறுமொழி: தாராளமாக வைக்கலாம், கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் அது ‘%E0’ போன்ற விழுக்காட்டுக் குறித் தொடர்களாக உடைந்துவிடுகிறது. ‘ரோஜா’ என்ற ஒரு சொல்லே 36 எழுத்துருக்களாக நீளும். ஆகவே இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. புதிய பக்கங்களுக்கு மட்டும் அப்படியே செய்கிறேன்.