ஒரே கூழைக்கடா இரண்டாகத் தெரிந்தபோது

கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். இரண்டு ஆண்டுகள் சேமித்து, 90 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பைனாகுலர் பழுதாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மார்கழிக் காலையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்து ஓரம் நின்று கூழைக்கடாக்களைப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. பறவையின் அலகு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடுகளாகத் தெரிந்தது. கண் மருத்துவர் சோதித்துவிட்டு, பார்வையில் குறை எதுவும் இல்லை என்றார்.

உடன் வரும் மூத்த நண்பர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். தொலைவில் உள்ள கிடைமட்டக் கோடு ஒன்றைப் பார்த்தபடி, பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து விலக்க வேண்டும். எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். ஒரு சாண் விலக்கியதும் தொட்டியின் மேல்விளிம்பு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே முப்பட்டகம் சற்று நகர்ந்தாலும் இரு குழல்களும் வெவ்வேறு திசையை நோக்கும். பக்கவாட்டு விலகலைக் கண்கள் ஓரளவு சரிசெய்துகொள்ளும். மேல்கீழ் விலகலை அவற்றால் தாங்க முடியாது. என் தலைவலி அங்கிருந்துதான் வந்தது.

இணையத்தில் அதை விற்றவர்கள், "டயாப்டர் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள் சார்" என்றார்கள். அது இரு கண்களுக்கும் கூர்மையைச் சமன்செய்வதற்கானது; குழலின் திசையை மாற்றாது. அடுத்து, திருப்பித் தரும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. கருவியை முக்காலியில் பொருத்தி, இரு குழல்கள் வழியாகவும் கைபேசியில் படமெடுத்தேன். இடப்பக்கம் தொட்டி வட்டத்தின் நடுவில் இருந்தது. வலப்பக்கம் தெளிவாகக் கீழே இறங்கியிருந்தது. படங்களோடு, பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்னும் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதியையும் குறிப்பிட்டு எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும் தேவை வரவில்லை. மூன்று வாரத்தில் பணம் வந்தது.

அடுத்ததைக் கடைக்கு நேரில் போய்த்தான் வாங்கினேன். அங்கே 10x42தான், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலமுள்ள கருவிதான் நல்லது என்றார்கள். நான் எட்டு மடங்கு காட்டும் 8x42ஐ நினைத்திருந்தேன். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு; பார்வைப் பரப்பும் குறுகும். விடியலில் பார்ப்பவனுக்கு வெளிச்சம் முக்கியம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். 10ஆல் வகுத்தால் 4.2தான். கொசு உள்ளான் போன்ற சிறு பறவைகள் தொலைவில் மேய்ந்தால் பத்து மடங்கு உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நண்பரின் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) இருக்கிறது. நான் கண்ணாடி அணிபவன். கண்ணாடியோடு முழு வட்டமும் தெரியாத கருவிகளை உடனே ஒதுக்கினேன்.

கடைசியில் நிக்கான் மோனார்க் எம்7, 8x42 எடுத்தேன். 1000 மீட்டர் தொலைவில் 145 மீட்டர் அகலம் தெரிகிறது. எடை 670 கிராம். விலை முதல் கருவியின் பாதி அளவுதான். கடைவாசலில் நின்று, எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை விளிம்பில் அதே விலக்கிப் பார்க்கும் சோதனையைச் செய்த பிறகே பணம் கொடுத்தேன்.

தை மாதம் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் நின்றேன். மஞ்சள் மூக்கு நாரையின் வாலருகே இளஞ்சிவப்பு இறகுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. நெற்றிப்பொட்டில் வலி இல்லை.