வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சு தாளம் தப்பியபோது

வாகைப்பூ:

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் கதவு மாதிரி இருக்கும் மிட்ரல் வால்வை மாற்றி 11 மாதம் ஆகிறது. எனக்கு 43 வயது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடிக்கடி தொண்டை வலி வரும், அப்புறம் முழங்கால் வீங்கும். வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி என்று வீட்டில் தைலம் தேய்த்து விட்டார்கள். அது தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் என்பதும், அதுவே வால்வைச் சுருக்கிவிட்டது என்பதும் 30 வருஷம் கழித்து மாடிப்படி ஏற முடியாமல் போனபோதுதான் தெரிந்தது.

எனக்குப் போட்டது மெட்டல் வால்வு. மெட்டல் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே திறந்து மூடும் இரண்டு இதழும் ஒருவகைக் கரியால் ஆனவை. அவை மூடும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். ராத்திரி வார்டு அடங்கிய பிறகு அது எனக்கே நன்றாகக் கேட்டது. முதல் இரண்டு நாள் பயமாக இருந்தது, அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றி, மானிட்டர் வயர்களைக் கழற்றினார்கள். நடுராத்திரி விழிப்பு வந்தது. டிக் சத்தம் மாறியிருந்தது. இரண்டு சேர்ந்து வந்தது, ஒன்று தள்ளி வந்தது, நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிவந்தது. தொண்டைக்குழியில் ஏதோ படபடவென்று அடித்தது. வலி இல்லை. பயத்தில் இப்படி இருக்கும், விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். சிஸ்டரைக் கூப்பிட்டால் அவர் எழுந்துவிடுவாரே என்று ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் படுத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் அப்படி இருக்காதீர்கள்.

பாத்ரூம் போக எழுந்தபோது கண் இருட்டியது, கூப்பிட்டுவிட்டேன். ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு 140, 156, 132 என்று நிலையில்லாமல் இருந்தது. டியூட்டி டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும், கீழ் அறைகள் கிடைத்த சைகைக்கெல்லாம் தாறுமாறாகத் துடிக்கும். வால்வு ஆபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது வருவது, அதுவும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள்தான் அதிகம் என்றார். வருஷக்கணக்கில் சுருங்கிய வால்வுக்குப் பின்னால் என் இடது மேலறை பெரிதாகிக் கிடந்தது. அதன்மேல் கத்தி பட்ட புண், வீக்கம். ரத்தத்தில் பொட்டாசியமும் குறைவாக இருந்தது. பொட்டாசியமும் மெக்னீசியமும் டிரிப்ஸில் ஏற்றி, துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும் அமியோடரோன் மருந்து தொடங்கினார்கள்.

மறுநாள் மத்தியானம் ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். டிக், டிக், டிக் என்று சத்தம் வரிசைக்கு வந்துவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

பொருநைக்கரை:

அக்கா, எங்கள் அப்பாவுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. வயது 68, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் அயோர்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போனதால் அதை எடுத்துவிட்டு மாட்டுச் சவ்வில் செய்த வால்வு வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததிலிருந்தே துடிப்பு 38, 40க்கு மேல் ஏறவில்லை. நெஞ்சிலிருந்து நூல் மாதிரி மெல்லிய வயர்கள் வெளியே வந்து கட்டிலோரம் ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்திருந்தன, அதுதான் துடிக்க வைத்தது. தினமும் காலையில் டாக்டர் பெட்டியின் வேகத்தைக் குறைத்து, அப்பாவின் இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்ப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகை போகும் பாதை அந்த வால்வை ஒட்டியே ஓடுகிறதாம். சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துத் தையல் போடும்போது அது அடிபடலாம். வீக்கம் வடிந்தால் பலருக்குத் தானே திரும்பிவிடும் என்றார்கள். அப்பாவுக்கு ஏழு நாள் பார்த்தும் திரும்பவில்லை. தோலுக்கடியில் இருந்தே துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தார்கள். "இன்னொரு மிஷினா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இப்போது தினமும் வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு வருகிறார். செல்போனை மட்டும் பேஸ்மேக்கர் இருக்கும் இடது பக்கச் சட்டைப்பையில் வைக்க விடமாட்டோம்.

உப்பளத்து மகள்:

எனக்கு இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி, 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்களே, அதே வகை. அதன் தட்டு பிளாஸ்டிக், அதனால் சத்தம் ரொம்பக் கம்மி. ஏஎஃப் வந்தபோது நாடியில் கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நான் சொல்ல வந்தது மாத்திரை விஷயம். ஏஎஃப்புக்கு அமியோடரோன், ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், இரண்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவே இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார்த்தால் 6.1. எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டியது. அமியோடரோன் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டிவிடும், அதனால் ஆரம்ப வாரங்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும்போதே அடுத்த ஐஎன்ஆர் எந்தத் தேதியில் என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அசிட்ரோமின் வேகத்தைக் குறைக்கும் என்று கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று என் டாக்டர் சொன்னார்.

மல்லிகை:

என் கணவருக்கு மிட்ரல் வால்வு ஆபரேஷன் முடிந்து இன்று 19ஆம் நாள். வீட்டில் இருக்கிறார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது தொம்மென்று விழுகிறதாம். ஓடிப்போய்க் காட்ட வேண்டுமா? அவர் வேண்டாம், தானாகப் போய்விடும் என்கிறார்.

வாகைப்பூ:

எனக்கும் ஐந்தாவது வாரம் அப்படி இருந்தது தங்கச்சி. 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டிப் பார்த்ததில் இடையிடையே வரும் கூடுதல் துடிப்பு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். ஆனால் அவருடையதும் அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அவரைப் பேசாமல் உட்காரச் சொல்லி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் இரண்டு விரலை வைத்து எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள், அப்போதுதான் விட்டுப்போவது தெரியும். எண்ணிக்கையையும் நேரத்தையும் எழுதி வைத்து, ஆபரேஷன் செய்த டாக்டர் குழுவுக்கு இன்றே போன் பண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 120க்கு மேல் ஓடினாலோ, தலைசுற்றல், மயக்கம், மூச்சிரைப்பு, வாய் கோணல், கை மரத்துப்போவது என்று எது வந்தாலும் எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மல்லிகை:

எண்ணினேன் அக்கா. 82. நடுவில் நாலு தடவை விட்டு வந்தது. தலைசுற்றல் இல்லை. போன் பண்ணினேன், காலை 9 மணிக்கு ஈசிஜி எடுக்க வரச் சொன்னார்கள். எழுதி வைத்த தாளை அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டேன்.