நன்கொடை ரைடுக்கு ப்ராக்டிஸ் பண்றப்போ நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்க

காத்தாடி_மண்டை
நானே ஆரம்பிக்கிறேன். லாங் ரைடு நாள், எதிர்காத்து எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, வேகம் என்னன்னு பார்க்கவே வெறுப்பா இருந்துச்சு, ரோட்டோரமா ஒரு மரத்தடியில ஒதுங்கிட்டேன். அங்க ஒரு பெரியவர், அவரும் சைக்கிள்தான், கேரியர்ல மூட்டை. எங்க தம்பி போறன்னு கேட்டாரு. நானும் விலாவாரியா சொன்னேன், இந்த மாதிரி 600 கிலோமீட்டர், குழந்தைங்க வைத்தியச் செலவுக்கு வசூல், அதுக்குத்தான் இந்தப் பயிற்சின்னு. பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு என் சைக்கிளை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்து, பின்னாடி கியர் செட்டை விரலால லேசா தொட்டு, "இதை வித்தா எவ்ளோப்பா வரும்?"ன்னாரு.

நக்கல் எல்லாம் இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாரு. நான் ஏதோ சிரிச்சு மழுப்பிட்டுக் கிளம்பிட்டேன். பதில் இப்பவும் வரல.

டயர்_தேஞ்சவன்
இதுல யோசிக்க என்ன ப்ரோ இருக்கு? சைக்கிளை வித்தா ஒரு தடவதான் காசு. நீங்க வெயில்ல வேகுறதப் பார்த்துட்டு உங்க ஆபீஸ்ல, சொந்தத்துல எத்தனை பேர் பர்ஸைத் திறப்பான், சும்மா வாட்ஸ்அப்ல கேட்டா அவன் தம்ஸ்அப் போட்டுட்டுப் போயிருப்பான். அதைச் சொல்லியிருக்கணும் அவர்கிட்ட.

மெதுவா_போற_அக்கா
அப்படி ஒரே வெட்டா வெட்ட வேணாம் தம்பி. சப்போர்ட் வண்டி, ரூம், ஜெர்சி எல்லாத்தையும் வசூல்ல இருந்தே எடுக்குற ரைடும் இருக்கு, அங்க அந்தப் பெரியவர் கேட்டது நியாயம்தான். எங்க குழுவுல ஓட்டுறவங்க செலவு ஓட்டுறவங்களோடது, வசூல்ல கை வைக்கக் கூடாதுன்னு முதல் நாளே எழுதி எல்லாரும் பார்க்குற மாதிரி போட்டுட்டோம்.

என் கதை வேற. சாப்பிடாம ஓட்டி உடம்புல சக்தி மொத்தமா தீர்ந்து போறதை 'பாங்க்' (bonk) ஆகுறதுன்னு சொல்வாங்களே, அது வெறும் களைப்புன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். காலையில அவசரமா கிளம்பினது, ஜெர்சி பாக்கெட்ல இருந்ததை எடுத்துச் சாப்பிடவும் இல்ல. திரும்பி வர்றப்போ ஒரு சிக்னல். சிவப்பு, நின்னேன். பச்சை விழுந்துச்சு, பச்சைன்னு கண்ணுக்குத் தெரியுது, ஆனா பச்சைன்னா என்ன செய்யணும்னு புரியல. பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க, நான் அந்த லைட்டையே பார்த்துட்டு நிக்கிறேன், கை நடுங்குது, காரணமே இல்லாம அழுகை வருது. பக்கத்துல நின்ன ஒரு பொண்ணு ஹேண்டிலைப் பிடிச்சு ஓரமா தள்ளிட்டுப் போயி உக்கார வெச்சா. கால் வலிச்சா தெரியும், மூச்சு வாங்கினா தெரியும். மூளை நின்னு போறது நமக்கே தெரியாதுங்க, அதான் பயமா இருக்கு.

கிளைக்கோஜன்_வாத்தியார்
அக்கா, அது வந்தே தீரும். உடம்புல மாவுச்சத்து சேமிப்பு மொத்தமே ஏறக்குறைய 2000 கலோரிதான், கொஞ்சம் வேகமா ஓட்டினா ரெண்டு மூணு மணி நேரத்துல அடி தட்டிடும், கொழுப்பு எவ்ளோ இருந்தாலும் அந்த வேகத்துக்கு அது எரிஞ்சு குடுக்காது, மூளை ஓடுறதோ ரத்தத்துல இருக்குற சர்க்கரையில. அதனால பசி வர்ற வரைக்கும் காத்திருக்கவே கூடாது. முதல் மணி நேரத்துலயே ஆரம்பிச்சு மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து, ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராம் பக்கம் வரும், கணக்கு போட்டுக்கோங்க. வாட்ச்ல இருபது நிமிஷத்துக்கு ஒரு அலாரம், அடிச்சா ஒரு கடி, ஒரு மடக்கு. ரைடு அன்னிக்கு யாரோ குடுக்குற புது எனர்ஜி ஜெல்லை வாங்கி வாயில போடாதீங்க, வயிறும் பழகணும், ப்ராக்டிஸ்ல எது ஒத்துக்கிச்சோ அதேதான். அப்புறம் "தண்ணி குடி தண்ணி குடி"ன்னு பாட்டில் பாட்டிலா வெறும் தண்ணியை ஊத்துறது, அதுவும் ஆபத்து, ரத்தத்துல சோடியம் இறங்கினா தலைவலி, குமட்டல், குழப்பம், முத்தினா வலிப்பு வரைக்கும் போகும், பார்க்குறவங்க தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்துவாங்க. தாகத்துக்குக் குடிங்க, நீண்ட ரைடுன்னா உப்பும் சேருங்க.

என் அனுபவம்னு கேட்டா, ஒரு தடவ வாந்தி எடுத்தேன். அவ்ளோதான்.

காத்தாடி_மண்டை
வாத்தியாரே, சம்பவம் கேட்டா சிலபஸ் குடுத்துட்டீங்க 😄

ஹேண்டில்பார்_மீசை
யாருக்காச்சும் சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப் போயிருக்கா? மத்த மூணு விரலும் நல்லா இருக்கும். வீட்டு வாசல்ல நிக்கிறேன், சாவியைத் துவாரத்துல போட்டாச்சு, திருப்ப முடியல. விரல் இருக்கு, பிடி இல்ல. பூட்டு ரிப்பேர்னு ரெண்டு கையாலயும் முட்டிட்டிருக்கேன், உள்ள இருந்து என் பையன் கதவைத் திறந்து, சாவியை அவன் ஒரு கையால சுளுவா திருப்பி எடுத்து என் கையில குடுத்துட்டுப் போறான். உள்ளங்கை ஓரமா ஓடுற அல்நார் நரம்பை ஹேண்டில்பார் மணிக்கணக்கா அமுக்கினா இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்ச நாள் ஓட்டாம விட்டதும் சரியாச்சு. ஆனா அந்தப் பையன் பார்த்த பார்வை இருக்கே.

டயர்_தேஞ்சவன்
மீசை அண்ணே, கையை ஒரே இடத்துல வெக்காதீங்க, பார் டேப் தடிமனா சுத்துங்க, சீட் மூக்கு கீழ சாஞ்சிருந்தா மொத்த பாரமும் கைக்குத்தான் வரும், அதைப் பாருங்க முதல்ல.

என்னோடது குரூப் ரைடு. முன்னாடி போறவர் பின்னாலயே ஒட்டிப் போனா காத்து உறைக்காது, சொகுசா இருக்கும், அந்த சொகுசுலதான் என் முன் சக்கரம் அவர் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல நுழைஞ்சிருக்கு. அவர் ஒரு குழியைப் பார்த்து லேசா ஒதுங்கினாரு. டயரும் டயரும் உரசுற அந்த சத்தம், 'ஸ்ர்ர்ர்'னு ஒரு நொடி. அவருக்கு ஒண்ணும் ஆகல, இந்த மாதிரி உரசினா விழறது பெரும்பாலும் பின்னாடி இருக்குறவன்தான். நான் விழல, எப்படின்னு தெரியல, எனக்குப் பின்னாடி வந்தவர் என்னைத் தவிர்க்கப் போயி விழுந்தாரு. காலர் எலும்பு. அவரோட நன்கொடைப் பக்கத்துல அன்னிக்குத்தான் இலக்கு தாண்டியிருந்துச்சு, எல்லாரும் வாழ்த்து போட்டுட்டு இருந்தாங்க, அவர் எமர்ஜென்சியில படுத்துட்டு ஒத்தக் கையால நன்றி நன்றின்னு டைப் பண்ணிட்டிருந்தாரு.

ரெண்டாம்_கியர்
அந்த நன்கொடைப் பக்கம் பத்தி எனக்கும் ஒண்ணு இருக்கு. எங்க கூட ஓட்டின பொண்ணு, முட்டிக்கு முன்பக்கம் வலி. ஒவ்வொரு வாரமும் கூடுது, ஐஸ் வெச்சுட்டு மறுபடி வர்றா. எங்க லீடர் "தாங்கிக்கணும்மா, இதுதானே சாரிட்டி"ங்குறாரு. ஒரு பிரேக்ல என் பக்கத்துல உக்காந்து ஃபோனைக் காட்டினா. குடுத்தவங்க பேரு வரிசையா. ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க, பழைய ஆபீஸ் செக்யூரிட்டி ஒருத்தர். "நான் முடிக்கலன்னா இவங்களுக்குத் திருப்பிக் குடுக்கணுமாக்கா?"ன்னு கேட்டா. அதைக் கேக்குறப்போ முட்டியை அமுக்கிப் பிடிச்சிட்டே இருந்தா.

டயர்_தேஞ்சவன்
குடுத்தவன் கிலோமீட்டரா எண்ணிட்டு இருக்கப் போறான்? காசு அப்பவே போய்ச் சேர்ந்தாச்சு.

மெதுவா_போற_அக்கா
கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு எழுதிக் குடுக்குறவங்களும் இருக்காங்கப்பா, எல்லாத்தையும் உன் அளவுல அளக்காத. ஆனா ரெண்டாம் கியர், அந்த லீடர் சொன்னது சுத்த அராஜகம். தசை வலியைத் தாங்கலாம், மூட்டு வலியைத் தாங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

கிளைக்கோஜன்_வாத்தியார்
முட்டி முன்பக்கம்னா பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்கும், இல்லன்னா பெரிய கியர்ல மிதிச்சுத் தள்ளிட்டு இருப்பாங்க. பின்பக்கம்னா சீட் உசரம். பெடல் கீழ இருக்கும்போது முட்டி 25ல இருந்து 35 டிகிரி மடங்கணும். கேடன்ஸ், அதான் நிமிஷத்துக்குப் பெடல் எத்தனை சுத்துங்குறது, 80, 90ன்னு வெச்சு லேசான கியர்ல சுத்தச் சொல்லுங்க. தூரத்தையும் ஒரேயடியா ஏத்தக் கூடாது, மூணு வாரம் ஏத்தினா நாலாவது வாரம் குறைக்கணும், கடைசி ரெண்டு வாரம் நல்லாவே குறைக்கணும், ஆனா நன்கொடை ரைடுன்னு வந்துட்டா எல்லாரும் பயத்துல கடைசி வாரம்தான் உசுரக் குடுத்து ஓட்டுறாங்க.

ரெண்டாம்_கியர்
வாத்தியாரே, சீட்டை நான்தான் ஏத்தி வெச்சேன், ஒரேயடியா ஒரு விரல் அளவு. அது ஜாஸ்தியா?

கிளைக்கோஜன்_வாத்தியார்
ரொம்ப ஜாஸ்தி. மூணு நாலு மில்லிமீட்டர் ஏத்துங்க, ரெண்டு மூணு ரைடு ஓட்டிப் பார்க்கட்டும், அப்புறம் மறுபடி. பழைய உசரத்துல ஒரு டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்கோங்க. வலி குறையலன்னா பிசியோகிட்ட கூட்டிட்டுப் போங்க, உங்க லீடர்கிட்ட கேக்காதீங்க.