போக்கிரி நாயகன் வரும் சாகசக் கதை வேண்டும் (வயது 13)

செவ்வாய்ப்பேட்டை அத்தை:
அண்ணன் மகனுக்குப் பிறந்தநாள் வருகிறது. லீவு விட்டால் எங்கள் கொலுசுப் பட்டறையை விட்டு நகர மாட்டான். போன முறை, தரையைக் கூட்டி அள்ளிய தூசியைப் பத்திரப்படுத்துவதைப் பார்த்துவிட்டு, "நகக்கண்ணில் ஒட்டுகிற வெள்ளித்தூளைச் சேர்த்தே ஒருவன் பணக்காரனாகிவிடலாமே அத்தை?" என்று கேட்டான். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்! வந்தியத்தேவன் கதையை நானே சொல்லி முடித்துவிட்டேன். கடம்பூர் மாளிகையில் ஒளிந்திருந்து சதியைக் கேட்கிற இடத்தை மட்டும் மூன்று முறை சொல்ல வைத்தான். ஆங்கிலம் சுமாராக வாசிப்பான். நாயகன் பொய் சொல்லலாம், திருடலாம், ஆனால் கெட்டவனாக இருக்கக் கூடாது. கொஞ்சம் மாயமும் வேண்டும். பள்ளியில் பரிசாகக் கொடுத்த புத்தகத்தைப் பத்தாம் பக்கத்திலேயே மூடிவிட்டான். அதில் வருகிறவன் விடிந்ததும் குளித்துவிட்டு உண்மை பேசக் கிளம்பிவிடுகிறானாம்.

ஏற்காட்டுக் காப்பி:
அக்கா, யோசிக்காமல் மேகன் வேலன் டர்னரின் 'தி தீஃப்' வாங்குங்கள். 1996இல் வந்தது, மறு ஆண்டே அமெரிக்காவில் சிறுவர் புத்தகங்களுக்குத் தரும் நியூபெரி ஹானர் என்ற விருதைப் பெற்றது. நாயகன் பெயர் ஜென். எதையும் திருடுவேன் என்று மதுக்கடையில் பீற்றிக்கொண்டு, அரசனின் முத்திரையையே திருடிவந்து காட்டிச் சிறைக்குப் போனவன். அரசனின் அறிஞர் அவனை வெளியே எடுத்து, ஒரு கல்லைத் திருடக் கூட்டிப்போகிறார். அந்தக் கல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே பக்கத்து நாட்டின் அரியணை. அது இருப்பதோ ஆற்றுக்கு அடியில் ஒரு கோயிலில்!

கதையை ஜென்னே சொல்கிறான். பசிக்கிறது, குதிரை ஆகாது என்று வழி நெடுக முனகல். அந்த முனகலை அப்படியே நம்பிவிடாதீர்கள், இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

நான் இதை என் மகனுக்கு இரவில் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். மழைக்காலம், எஸ்டேட் வீட்டில் பாதி நாள் மின்சாரம் இல்லை. முதல் பாதி மெதுவாகத்தான் போகும். "எப்போதம்மா திருடுவான்?" என்று தினமும் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான். கோயிலுக்குள் ஜென் இறங்கிய இரவு மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. அவனே எழுந்து போய்ச் சாமி விளக்கை எடுத்துவந்து என் மடிக்குப் பக்கத்தில் வைத்தான். எண்ணெய் சிந்திய கறை 100ஆம் பக்கத்தை ஒட்டி இன்னும் இருக்கிறது.

மந்திரக்கோல், டிராகன் எல்லாம் இதில் கிடையாது. தெய்வங்கள் உண்டு. அடுத்த பாகத்தைச் சேர்த்து வாங்காதீர்கள். அதன் தொடக்கத்திலேயே ஒரு கொடிய தண்டனை வருகிறது, முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி ஆந்தை:
எனக்கு அந்தப் புத்தகத்தில் பாதி வழியில் தூக்கம் வந்தது, மன்னிக்கவும். ஜொனாதன் ஸ்ட்ரவுடின் 'தி அமுலெட் ஆஃப் சமர்கண்ட்' (2003) பாருங்கள். லண்டனில் ஒரு சிறுவன் பார்டிமியஸ் என்ற பூதத்தை ஏவித் தாயத்து திருடச் சொல்கிறான். போக்கிரி அந்தப் பூதம்தான். அடிக்குறிப்பிலும் வாயடிக்கும்.

கொளத்தூர்க்காரன்:
ஆற்றுக்கு அடியில் கோயில் என்றதும் எங்கள் பண்ணவாடிதான் நினைவுக்கு வந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து ஊர்கள் மூழ்கியபோது ஜலகண்டேஸ்வரர் கோயிலும் தண்ணீருக்குள் போய்விட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் முதலில் அங்கே மூழ்கிய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரம், பிறகு நந்தியின் தலை வெளியே தெரியும். சின்ன வயதில் நந்தி மேல் ஏறி உட்கார்ந்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை அத்தை:
முடிவாகிவிட்டது, ஜென்தான். பூதம் அடுத்த பிறந்தநாளுக்கு. கொளத்தூர்த் தம்பி, நந்தி தலை தெரிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். பையனையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மேட்டூர் பஸ் ஏறிவிடுகிறேன்.