டாலி இருப்பும் கொடவுன் இருப்பும் இடிக்கிறது: திருட்டா, என்ட்ரி தப்பா?

கேள்வி: கடைத்தெரு
எலக்ட்ரிகல் கடை, டாலி பிரைம் கணக்கு சாஃப்ட்வேரில் பில்லிங். மாதக் கடைசியில் எண்ணினால் எதுவும் ஒத்துவருவதில்லை. ஒயரில் சில சைஸ் மைனஸே காட்டுகிறது. கேமரா போடலாமா? குறைவதைப் பையன்கள் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: கணக்கன்
கேமரா அப்புறம் சார். திருட்டுப் போனால் கணக்கில் இருக்கும், கையில் இருக்காது, மைனஸ் வராது. மைனஸ் என்றாலே என்ட்ரிக் கோளாறு. கொள்முதல் பில் ஏறும் முன்பே விற்பனை பில் போட்டிருப்பீர்கள். இல்லாவிட்டால் யூனிட் குழப்பம். ஒயரில் பெரும்பாலும் இதுதான்: வாங்குவது காயிலில், விற்பது மீட்டரில். ஐட்டத்துக்கு யூனிட் மீட்டர், மாற்று யூனிட் காயில், 1 காயில் = 90 மீட்டர் என்று வையுங்கள். ஒரு காயிலை 1 மீட்டராக ஏற்றியிருந்தால் முதல் 2 மீட்டர் விற்றதுமே மைனஸ். 180 மீட்டர் காயிலும் எடுப்பீர்களானால் நேரடியாக மீட்டரிலேயே ஏற்றுங்கள்.

பதில்: ஸ்விட்ச்போர்டு
1.5 சதுர மி.மீ. ஒயர் சிவப்பில் ஒரு காயில் குறைந்து நீலத்தில் ஒன்று கூடியிருந்தால் கலர் மாற்றி பில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன்கள் துண்டுச்சீட்டில் எடுத்துப்போய் மிச்சத்தைத் திருப்பித் தருவதையும் பாருங்கள். எடுக்கும்போது டெலிவரி நோட், வரும்போது வரவு என்ட்ரி, இரண்டும் அன்றைக்கே ஏற வேண்டும். எம்.சி.பி. (தானாக ட்ரிப் ஆகும் ஸ்விட்ச்) மாதிரி கைக்கடக்கமான விலை கூடிய சரக்கு மட்டும், வேறெதிலும் கூடாமல், வாராவாரம் குறைந்துகொண்டே போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் யார் எதைப் போட்டார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. வேகமாக ஓடும் ஐட்டங்களில் தினம் 5, பில்லிங் தொடங்கும் முன் எண்ணுங்கள். பில் போடுபவர் எண்ணக் கூடாது. எண்ணுபவர் கையில் கம்ப்யூட்டர் கணக்கும் இருக்கக் கூடாது, பார்த்தால் அதையே எழுதிவிடுவார்.

சம்பளத்தில் கை வைக்காதீர்கள். தப்பு பில்லைச் சொல்லித் திருத்துகிறவர்கூட அப்புறம் மறைப்பார்.

பதில்: வரவுசெலவு
எண்ணி முடித்ததும் கன்ட்ரோல் எஃப்7 அடித்து பிசிகல் ஸ்டாக் (எண்ணிய இருப்பை ஏற்றும் வவுச்சர்) போட்டுவிடாதீர்கள். எண்ணிய அளவே இருப்பாகிவிடும், தப்பான என்ட்ரி அப்படியே கிடக்கும். முதலில் என்ட்ரியைத் திருத்துங்கள், மிஞ்சும் வித்தியாசத்துக்குத்தான் அது. போட்டும் இருப்பு மாறவில்லையென்றால் ஐட்டம் மாஸ்டரில் (ஐட்டத்தின் விவரப் பக்கம்) 'இக்னோர் டிஃபரன்ஸ் டியூ டு பிசிகல் கவுன்டிங்' எஸ் என்று இருக்கும், நோ ஆக்குங்கள்.

நிஜமாகவே தொலைந்த, திருட்டுப்போன சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, கழித்துக்கொண்ட வரி) திருப்ப வேண்டும், சி.ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 17(5)(எச்). அளவையும் கொள்முதல் பில் நம்பரையும் குறித்து ஆடிட்டரிடம் கொடுங்கள்.