வாடகைச் சாதனங்களில் அடையாள லேபிள் நிற்க மாட்டேன் என்கிறது, க்யூஆரும் திறக்கவில்லை. உதவி தேவை

ஒலிப்பெட்டி:

வணக்கம். கேமரா, லென்ஸ், மைக், விளக்கு, ட்ரைபாட் என்று வாடகைக்குக் கொடுக்கும் சின்னத் தொழில் எங்களுடையது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு எண்ணும் க்யூஆர் குறியும் அச்சிட்ட லேபிள் ஒட்டியிருக்கிறோம். ஸ்கேன் செய்தால் அது என்ன பொருள், இப்போது யாரிடம் இருக்கிறது என்று வர வேண்டும். இப்போது எல்லாப் பக்கமும் தொல்லை.

கேமராவின் ரப்பர் பிடியிலும் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறது. வெயிலில் நிறுத்திய வண்டியில் இருந்த லேபிள்கள் மொத்தமாகச் சாம்பல் நிறமாகிவிட்டன. சானிடைசர் பட்ட இடம் கறுப்புத் திட்டு. பாதுகாப்புக்கு மேலே கண்ணாடி டேப் ஒட்டினோம், அதன் அடியில் எழுத்தே வெளிறிப்போகிறது. எழுத்து நன்றாக இருக்கும் லேபிளை ஸ்கேன் செய்தால் 'இந்த இணைப்பு செயலில் இல்லை' என்று யாருடைய தளமோ வருகிறது.

இதெல்லாம் கூடப் போகட்டும். கேமரா பேட்டரி ஒன்று திரும்பி வந்தபோது எங்கள் லேபிள் இருந்தது, உள்ளே இருந்தது எங்கள் பேட்டரி இல்லை. நன்றாக ஊதிப்போன பழைய பேட்டரி. லேபிளை உரித்து இதில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகம், ஆனால் நிரூபிக்க வழியில்லை.

வேறு என்ன லேபிள் வாங்குவது? இல்லை, இந்த முறையையே விட்டுவிட வேண்டுமா?

கிடங்குக்காரர்:

முதலில் ஒரு சோதனை. பயன்படுத்தாத லேபிள் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுகிறதா? அப்புறம், பிரிண்டரில் லேபிள் சுருள் மட்டும்தானா, மை ரிப்பனும் தனியாகப் போடுகிறீர்களா?

ஒலிப்பெட்டி:

கோடு விழுகிறது சார். ரிப்பன் எதுவும் கிடையாது. பார்சலுக்கு முகவரி அடிக்கும் பிரிண்டர்தான்.

கிடங்குக்காரர்:

அப்படியானால் பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது. அது நேரடி வெப்ப அச்சு. தாளின் மேலேயே ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும். அதனால்தான் நகத்தின் உரசலுக்கே கோடு விழுகிறது. வண்டிக்குள் வெப்பம் ஏறினால் முழுத் தாளும் மங்கலாகக் கறுக்கும், சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அந்தப் பூச்சைக் கரைத்துத் திட்டாக்கும். டேப்பின் பசையிலும் பிளாஸ்டிக்கிலும் உள்ள எண்ணெய் போன்ற பொருள் எழுத்தை வெளிறச் செய்யும். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பார்சல் போய்ச் சேரும்வரை இருந்தால் போதும் என்று செய்த பொருள் அது.

உங்களுக்கு வேண்டியது பாலியெஸ்டர் லேபிள், அதன்மேல் ரெசின் ரிப்பனில் வெப்பப் பரிமாற்ற அச்சு, அதாவது சூட்டில் ரிப்பனின் மை லேபிளுக்கு மாறும் முறை. ரிப்பனில் மெழுகு, மெழுகும் ரெசினும் கலந்தது, முழு ரெசின் என்று மூன்று வகை உண்டு. மெழுகு ரிப்பன் மலிவு, ஆனால் தேய்ந்துவிடும். பாலியெஸ்டருக்கு முழு ரெசின்தான் பொருந்தும், ஆல்கஹாலையும் ஓரளவு தாங்கும். புது பிரிண்டர் வாங்க மனமில்லை என்றால், வெறும் வரிசை எண்ணாக வெளியே அச்சடித்து வாங்கிக்கொள்ளலாம். எண்ணுக்கு எதிரே விவரத்தை நீங்கள்தானே எழுதப் போகிறீர்கள்.

இனி உரிகிற கதை. எல்லாப் பரப்பிலும் பசை ஒரே மாதிரி பிடிக்காது. பெட்டிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் பெரும்பாலும் பசை பிடிக்கும். உருண்டு மணியாக நின்றால் பிடிக்காது. பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் பெட்டிகளில் உருண்டுதான் நிற்கும். அதற்கென்றே கூடுதல் பிடிப்புள்ள பசை போட்ட லேபிள் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். சொரசொரப்பான பரப்புக்கும் தடிமனான பசை வேண்டும். சிலிக்கோன் ரப்பரில் எதையும் ஒட்ட முயலாதீர்கள், நேர விரயம். கேமராவின் பிடியை விட்டுவிடுங்கள், அடிப்பகுதியில் ட்ரைபாட் திருகுக்குப் பக்கத்தில் தட்டையான இடம் இருக்கும். ஆனால் ட்ரைபாட் தகடு வந்து உரசும் இடத்தைத் தவிர்த்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நாலு படப்பிடிப்பில் தேய்ந்துவிடும்.

ஒட்டும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து முழுக்க உலர விடுங்கள். பசைப் பக்கத்தில் விரல் படக்கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். ஒட்டிய அன்றே வாடகைக்கு அனுப்பாதீர்கள். அக்ரிலிக் பசை முழுப் பிடிப்புக்கு வர 24 முதல் 72 மணி நேரம் ஆகும், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக ஒட்டவே ஒட்டாது. லேபிளின் மூலை வளைவாக இருக்கட்டும். கூர்மையான மூலைதான் முதலில் துணியில் மாட்டித் தூக்கும்.

நூல்கண்டு:

கேபிளுக்கு ஒரு வார்த்தை. அதில் சாதாரண லேபிளைச் சுற்றி ஒட்டினால் சுருட்டச் சுருட்ட விட்டுவிடும். கண்ணாடி மாதிரி ஒளிபுகும் வால் உள்ள சுற்று லேபிள் கிடைக்கிறது. எழுத்து ஒரு சுற்று, வால் அதன்மேல் இன்னும் ஒரு சுற்று. மைக் கேபிளாக இருந்தால் ஒரு முனையின் இணைப்பானைக் கழற்றி, லேபிளின்மேல் சூட்டில் சுருங்கும் ஒளிபுகும் குழாயை (ஹீட் ஷ்ரிங்க்) சுருக்கிவிடுவது இன்னும் நல்லது. வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் கேபிளோடுதான் போகும்.

குறுக்கெழுத்து:

க்யூஆர் திறக்காததற்கும் லேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. இலவசத் தளம் ஒன்றில் 'மாற்றத்தக்க க்யூஆர்' செய்திருப்பீர்கள். அந்தக் குறிக்குள் உங்கள் தகவல் இருக்காது, அந்தத் தளத்தின் சுருக்க முகவரிதான் இருக்கும். சோதனைக் காலம் முடிந்ததும் அவர்கள் வழியை அடைத்துவிடுவார்கள். குறி நல்ல நிலையில்தான் இருக்கிறது, அது காட்டும் வீடுதான் பூட்டிக் கிடக்கிறது.

க்யூஆருக்குள் பொருளின் எண்ணை மட்டும் போடுங்கள். விவரம் எல்லாம் உங்கள் பதிவேட்டில். எந்த ஸ்கேனர் செயலியும் எண்ணைப் படித்துவிடும், நாளை நீங்கள் மென்பொருளை மாற்றினாலும் லேபிளை மாற்ற வேண்டாம். ஸ்கேன் செய்ததும் பக்கம் திறக்க வேண்டும் என்று பிடிவாதம் என்றால் உங்கள் சொந்த முகவரியில் திறக்கட்டும்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. க்யூஆரில் நான்கு பிழைதிருத்த நிலைகள்: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். மிக உயர்ந்த 30 சதவீத நிலையிலும், மிகச் சிறிய 21க்கு 21 கட்டக் குறிக்குள் 17 இலக்கங்கள் வரை அடங்கும். உங்கள் நான்கு இலக்க எண்ணுக்கு அது தாராளம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும், ஆக 29 கட்டம். ஒரு கட்டம் 0.4 மில்லிமீட்டர் என்றால் மொத்தமே 12 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். நீளமான இணைய முகவரியைத் திணித்தால் கட்டங்கள் பெருகி இந்த அளவில் பொடிப்பொடியாகிவிடும். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டு 'ஸ்கேன் ஆகவில்லை' என்று வருபவர்கள் நிறையப் பேர்.

கீழே எண்ணை மனிதக் கண்ணுக்கும் பெரிதாக அச்சிடுங்கள். கூட்டத்தில், இருட்டில், யாரும் போனை எடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

பழைய சாவி:

பேட்டரி மாறிய விஷயத்தை யாரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முழுசாக உரித்து வேறொன்றில் ஒட்ட முடிகிற லேபிள் இருந்தால், அது யாருடைய பொருளுக்கும் சாட்சி சொல்லும்.

உரித்தால் துண்டு துண்டாகச் சிதறும் வினைல் லேபிள் ஒன்று உண்டு. இன்னொரு வகையில் உரித்ததும் பொருள்மேல் ஒரு அச்சு தங்கிவிடும், லேபிள் பயனற்றுப்போகும். பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு ரீடர் மாதிரி ஒரே சாயலில் பல இருக்கும் சின்னப் பொருள்களுக்கு முதல் வகை நல்லது. ஆனால் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டாதீர்கள், கேமராவுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். தயாரிப்பாளரின் ஸ்டிக்கர் இருக்கும் பள்ளத்துக்குள், அதன் மட்டத்தைத் தாண்டாமல் ஒட்டுங்கள். சீரியல் எண்ணையோ எச்சரிக்கை வாசகத்தையோ மறைக்கக் கூடாது. காற்றுத் துளைமேலும் வாரண்டி முத்திரைமேலும் ஒட்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளமும் இருக்கட்டும். புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் பேனாவால் உங்கள் எண்ணைப் பெட்டியின் உட்பக்கத்திலோ பேட்டரி மூடியின் உள்ளேயோ எழுதலாம். வெயில் படும் இடத்தில் அந்த மை மங்கிவிடும், அதனால் உள்ளேதான்.

மூன்றாவதுதான் உண்மையான ஆதாரம்: சீரியல் எண். அது பதிவேட்டில் இருக்கிறதா?

ஒலிப்பெட்டி:

கேமராவுக்கு மட்டும் இருக்கிறது. பேட்டரிக்கு எடுக்கவில்லை. வாங்கிய பில் எங்கேயோ இருக்கும்.

பழைய சாவி:

அதை முதலில் முடியுங்கள், லேபிள் பிறகு வாங்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: உங்கள் எண், என்ன பொருள், தயாரிப்பாளரின் சீரியல் எண், வாங்கிய தேதி, பில்லின் படம், பொருளின் படம். படத்தில் லேபிளும் சீரியல் எண்ணும் ஒரே சட்டகத்தில் வரட்டும். இந்த எண்ணும் அந்தப் பொருளும் ஒன்றுதான் என்று காட்டுவது அந்தப் படம்தான். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டையும் ஒத்துப் பாருங்கள், ரசீதில் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையாவது எழுதி வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். ஊதிய பேட்டரியைக் கொண்டுவந்து நீட்டினால் பிறகு வாக்குவாதமே இல்லை. (அந்த ஊதிய பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.)

போன் என்றால் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ என்ற அதன் அடையாள எண் வரும். பல கேமராக்கள் தாம் எடுக்கும் படக் கோப்புக்குள்ளேயே சீரியல் எண்ணை எழுதிவைக்கின்றன. திருட்டுப் புகார் கொடுக்கப் போனால் 'கறுப்பு நிறக் கேமரா' என்று சொல்லி ஒன்றும் ஆகாது, இந்த எண்களைத்தான் கேட்பார்கள். பதிவேட்டின் நகல் ஒன்று அந்தக் கணினியில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கட்டும். கணினியும் சேர்ந்து போனால்?

கிடங்குக்காரர்:

எண் கொடுக்கும்போது 'கேமரா-அலமாரி2-03' என்று அர்த்தம் வைத்துப் பெயரிடாதீர்கள். அலமாரி மாறும், எண் பொய்யாகிவிடும். 0001, 0002 என்று போய்க்கொண்டே இருங்கள். பொருள் உடைந்தோ தொலைந்தோ போனால் அந்த எண்ணோடு அது முடிந்தது, புதுப் பொருளுக்கு மறுபடி கொடுக்கக் கூடாது.

விண்மீன்77:

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாவற்றிலும் ஒரு ட்ராக்கரை மாட்டிவிட்டால் போனிலேயே இடம் தெரியுமே.

குறுக்கெழுத்து:

விண்மீன், ட்ராக்கர் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. ஆப்பிளின் ஏர்டேக் என்ற ட்ராக்கர் 2021இல் வந்தது. அதில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் போன்கள் அதன் புளூடூத் சிக்னலைப் பிடித்துச் சொன்னால்தான் இடம் தெரியும். யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, அறியாத ட்ராக்கர் கூடவே வந்தால் போன் எச்சரிக்கும். 2024 மே மாதத்திலிருந்து ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இந்த எச்சரிக்கை வருகிறது. ஆக, எடுத்துக்கொண்டு போனவருக்கும் தகவல் போய்விடும். வாடகைக்கு எடுத்தவர் நேர்மையானவர் என்றால் அவருக்கும் தேவையில்லாத பயம். பெரிய பெட்டிகளுக்கு மட்டும் வைத்து, ரசீதிலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது கவனம், குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூசிய சிஆர்2032 வட்டப் பேட்டரி சில ஏர்டேக்கில் வேலை செய்யாது.

ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி சில்லு பற்றியும் அடுத்துக் கேட்பீர்கள். பேட்டரி இல்லாத அந்தச் சில்லு தானாக இடத்தைச் சொல்லாது, ரீடர் அருகே வந்தால்தான் பேசும். அதில் போனால் படிக்கிற என்எஃப்சி வகை என்றால் சில சென்டிமீட்டர்தான். உலோக உடம்பில் சாதாரணச் சில்லை ஒட்டினால் அதுவும் இல்லை, உலோகத்துக்கென்று தனி வகை வேண்டும்.

நூல்கண்டு:

லேபிளில் கடையின் பெயரும் போன் எண்ணும் போடுங்கள். கீழே கிடந்து எடுத்தவர் நல்லவராக இருந்தால் கூப்பிடுவார்.

பழைய சாவி:

போன் எண் சரி. முகவரி வேண்டாம், குறிப்பாகச் சாவிக்கொத்தில். பெயர் பெரிதாக இருந்தால் விற்கப் பார்ப்பவனுக்குச் சங்கடம், அந்த அளவில் எனக்கும் சம்மதம்.

ஒலிப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. பதிவேட்டில் இருந்து ஆரம்பித்துவிட்டோம், சீரியல் எண்ணும் படமும் ஏறிக்கொண்டிருக்கின்றன. பாலியெஸ்டர் லேபிள் வரிசை எண்ணோடு அச்சுக்குக் கொடுத்தாயிற்று. மாதிரி ஒன்றைப் பெட்டியில் ஒட்டிப் பார்த்தோம், தண்ணீர்ச் சோதனையில் சொட்டு உருண்டே நின்றது, அதனால் பெட்டிகளுக்கு மட்டும் கூடுதல் பிடிப்புள்ள பசை கேட்டிருக்கிறேன். பெட்டிக்கு அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்துவிடலாமா என்றும் ஒரு யோசனை.

கடைசியாக ஒன்று: பழைய தாள் லேபிளை உரித்த இடமெல்லாம் பிசுபிசுப்பு. தின்னர் போடலாமா?

கிடங்குக்காரர்:

தின்னர், அசிட்டோன் இரண்டும் வேண்டாம். கேமரா உடம்பின் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள், ஊற்ற வேண்டாம். பேட்டரிக்கும் லென்ஸுக்கும் டிரையர் காட்டக் கூடாது. தண்ணீர் புகாத பெட்டி என்றால் ரிவெட்டும் வேண்டாம், துளை போட்ட அன்றே அது சாதாரணப் பெட்டி.