பரணில் பொருத்தும் பெரிய வெளியேற்று விசிறி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள பரணில், வீடு முழுவதற்குமான வெளியேற்று விசிறி ஒன்றைப் பொருத்த எண்ணியிருக்கிறேன். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்தபின் ஜன்னல்களைத் திறந்துவைத்து இதை ஓட்டினால், உள்ளிருக்கும் வெக்கை பரண் வழியாகக் கூரைத் துவாரங்களில் வெளியேறிவிடும் என்பது வரை எனக்குப் புரிகிறது.

என் குழப்பம் அந்தத் துவாரங்களின் அளவில்தான். நிமிடத்துக்கு 750 கன அடி காற்றுக்கு 1 சதுர அடி திறப்பு வேண்டும் என்ற கணக்குப்படி, 3,000 கன அடி விசிறிக்கு 4 சதுர அடி தேவைப்படுகிறது. இருப்பதோ இரண்டே சிறு துவாரங்கள், அவற்றிலும் பூச்சிவலை கணிசமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. கூடுதல் திறப்புகளைக் கூரை முகட்டில் வைப்பதா, பக்கச் சுவரில் வைப்பதா?

இன்னொன்று, குளியலறை அருகே புகைக்குழாயுள்ள கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. ஜன்னலைத் திறக்க மறந்து விசிறியைப் போட்டால் அதன் புகை, கார்பன் மோனாக்சைடுடன், வீட்டுக்குள்ளேயே இழுக்கப்படலாம் என்பதால் (மறதி எனக்குக் கூடப்பிறந்தது), ஜன்னல் திறந்திருந்தால் மட்டுமே விசிறி ஓடும்படி சுவிட்ச் அமைத்தவர்கள் யாரேனும் உண்டா? அதிர்வு குறைய, விசிறியைச் சட்டத்தில் திருகாமல் பட்டைகளால் தொங்கவிடுவது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.